செருப்புப் பெட்டியில் உளவியல்: இரண்டு மழைக்காலம் தாண்டிய அனுபவம்

தொலைநிலைக் கல்வியில் உளவியல் சேர்ந்துவிட்டு, அடிப்படைப் பாடத்தை எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு ஒரு காலிச் செருப்புப் பெட்டி. உள்ளே ஐந்து தடுப்பு. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தவறினால் எங்கிருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் பார்க்கிறேன், கடைசியை மாதம் ஒரு தடவை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-இல் பிரபலமாக்கிய முறை இது.

பெயர், வருடத்துக்கு இது அருமை. 1879-இல் லைப்சிக்கில் வுண்ட் தொடங்கிய உளவியல் ஆய்வகம், ஒரே நேரத்தில் நினைவில் எத்தனை நிற்கும் என்பதற்கு 1956-இல் மில்லர் சொன்ன 'ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு' எல்லாம் சீக்கிரமே கடைசித் தடுப்பில் போய்ப் படுத்துவிட்டன. (பாவ்லோவுக்கு 1904-இல் நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்கு, பெயர் வாங்கித் தந்த நாய்-மணிச் சோதனைக்கு அல்ல. தேர்வில் வழுக்க வைக்கும் இடம்.)

மல்லுக்கு நின்றது கருத்துகள்தான். எதிர்மறை வலுவூட்டலின் வரையறை தலைகீழ்ப் பாடம். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தண்டனையோடு குழம்பும். அதனால் வரையறை அட்டைகளை எடுத்துவிட்டு கோத்தகிரியில் கண்ணில் படுவதை எழுதினேன். 'ஸ்வெட்டர் போட்டதும் குளிர் விட்டது, மறுநாள் இருட்டும் முன்பே ஸ்வெட்டரைத் தேடுகிறோம்': எதிர்மறை வலுவூட்டல், ஏனென்றால் வேண்டாத ஒன்று விலகியதால் செயல் கூடுகிறது. தண்டனை என்றால் செயல் குறைய வேண்டும். குரங்குக்கு மட்டும் இரண்டு அட்டை. சிப்ஸ் பாக்கெட் சரசரத்ததும் திரும்பிப் பார்ப்பது பாவ்லோவ் கணக்கு, சத்தம் தீனியோடு சேர்ந்து பழகியதால் வருவது. பையைப் பிடுங்குவது ஸ்கின்னர் கணக்கு, செயலுக்குப் பின் கிடைக்கும் பலனால் வருவது. சில தடவைதான் தீனி கிடைக்கும், எந்தத் தடவை என்று தெரியாது, அதனால்தான் லேசில் விடாது. தேயிலைத் தோட்டத்துக் காட்டெருமை வண்டிச் சத்தத்துக்குத் தலை தூக்காமல் மேய்வது இரண்டிலும் சேராது, வெறுமனே பழகிப்போனது.

புத்தகத்தையே மறுபடி படித்தால் போதாதா என்பார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

குறை என்றால் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அட்டை நமத்து ஒன்றோடொன்று ஒட்டும், ஜெல் பேனா மை பரவும். பால்பாயின்ட் பேனாவுக்கு மாறி, பெட்டியை அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைத்த பிறகு தேவலாம். செல்போன் செயலிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உதாரணத்தை யோசித்துக் கையால் எழுதும்போதே பாதி மனதில் நின்றுவிடுகிறது, அதனால் நான் மாறவில்லை.

பத்து மதிப்பெண் கேள்விகளுக்குப் பெட்டியை நம்ப வேண்டாம். அதற்கு முழுத்தாளில் நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது தனி வேலை.