செப்புக் கம்பி என்று விற்கிறார்கள், காந்தம் வைத்துப் பார்த்து எடுங்கள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வீட்டிலிருந்தே மணிமாலையும் கம்பித் தோடும் செய்து விற்கிற அக்காமார், தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். முகநூலில் நகைச் சாமான் விற்கிற ஒருவரிடம் செப்புக் கம்பி, பாசிமணி, தோட்டுக் கொழுக்கி எல்லாம் சேர்த்து எடுத்தேன். மாமாங்கத் திருவிழா நெருங்கியிருந்த நேரம், கையில் ஓடர் நிறைய இருந்தது. வந்ததில் பாதிக்கு மேல் அவர் சொன்ன சாமானே இல்லை. காசும் திரும்பி வரவில்லை.

முதலில் கம்பியைச் சொல்கிறேன். "20 கேஜ், சுத்தச் செம்பு" என்று போட்டிருந்தார். கேஜ் என்பது கம்பியின் தடிப்பைச் சொல்கிற இலக்கம். நிறம் அசல் செம்புதான். ஆனால் செம்பு விரல் வளைத்த இடத்தில் நிற்கும். இதுவோ வளைக்க வளைக்க நிமிர்ந்து வந்தது. கொஞ்சம் வெட்டியதும் கட்டரின் வாயில் பள்ளம் விழுந்துவிட்டது. கனடாவில் இருக்கிற சித்தி அனுப்பிய நல்ல கட்டர் அது. மென்மையான கம்பிகளை வெட்டுவதற்கென்றே மெல்லிய அலகு வைத்துச் செய்திருப்பார்கள், இரும்பை வெட்டினால் தாங்காது. வெட்டின முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுற்றிவர நூல் போலச் சிவப்பு, நடுவில் சாம்பல் நிறம். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனதுமே கம்பி எழும்பி ஒட்டிக்கொண்டது. செம்பு, பித்தளை, வெள்ளி எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. இது செப்பு முலாம் பூசின இரும்பு.

காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம். அலுமினியத்துக்குச் செப்பு நிறம் ஏற்றியும் விற்கிறார்கள், அதுவும் ஒட்டாது. சுருளைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுக் கம்பியில் அலுமினியம் செம்பின் மூன்றில் ஒரு பங்கு பாரம்கூட வராது. கத்தி முனையால் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அலுமினியக் கம்பி கூடாது என்று சொல்லவில்லை. பெரிய காப்பு, தலைக்குப் போடுகிற பூக்கள் செய்ய அது நல்ல சாமான். அலுமினியம் என்று சொல்லி அந்த விலைக்கு விற்கட்டும்.

கேஜ் கணக்கிலும் கவனம் வேண்டும். நகை வேலைக்கு வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்கிற 20 கேஜ் பெரும்பாலும் அமெரிக்க அளவு, அது 0.81 மில்லிமீற்றர். எங்கள் ஊர் மோட்டார் சுற்றுகிற கடைகளில் புழங்குவது பிரித்தானிய அளவு, அதில் 20 என்றால் 0.91. இலக்கம் கூடக் கூடக் கம்பி மெல்லிசாகும் என்பது இரண்டுக்கும் பொது. அதனால் கேஜ் கேட்காமல் மில்லிமீற்றரில் கேளுங்கள். பாசிமணியின் துளைக்குள் கம்பி போகுமா என்பதே இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மணிகளும் அப்படித்தான். "ஜப்பான் டெலிக்கா, 11 ஆம் இலக்கம்" என்று எழுதியிருந்தது. அந்த மணி சின்னக் குழாய் மாதிரி, 1.6 மில்லிமீற்றர் அகலத்தில், ஒன்றுக்கொன்று பிசகாமல் இருக்கும். துளையும் பெரிதாக, 0.8 அளவில் இருக்கும். அதனால்தான் அவ்வளவு விலை கொடுத்து எடுக்கிறோம். எனக்கு வந்த பைக்குள் ஒன்று பருத்து, ஒன்று சூம்பி, சிலதுக்குத் துளையே அடைத்திருந்தது. பின்னல் பட்டி இரண்டு விரல்கடை ஏறுவதற்குள் கோணிவிட்டது. சிவப்பு மணிகளைக் கியூட்டெக்ஸ் அழிக்கிற திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், பஞ்சு சிவப்பு, மணி வெறும் கண்ணாடி. எங்கள் வெயிலில் வேர்வை படப்பட அந்தச் சாயம் சட்டைக் கழுத்தில்தான் போய் நிற்கும்.

எனக்கு மனம் பொறுக்காதது கொழுக்கி விஷயம்தான். நிக்கல் இல்லாதது, காதுக்கு ஒன்றும் செய்யாது என்று எழுத்தில் தந்திருந்தார். அதை நம்பிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்துகொடுத்த தோட்டில் அவளுடைய காது சிவந்து வீங்கி நீர் வைத்துவிட்டது. தோட்டை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தேன். அந்தக் கொழுக்கி போட்ட மற்றத் தோடுகளையும் எடுத்தவர்களிடம் கேட்டுத் திருப்பி வாங்கினேன். நிக்கல் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் காதுத் துளைக்குள் போகிற பாகத்தில் இருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கே சட்டத்தில் எல்லை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் காதில் போடுகிற சாமானில் பொய் சொல்கிறவரை எப்படி மன்னிப்பது?

படங்களும் காணொளியும் எடுத்து அனுப்பினேன். "அக்கா, செம்பு என்றால் நிறம் மாறத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. செம்பு நிறம் மாறும்தான், மண்ணிறமாகும், கறுக்கும், வேர்வை பட்டால் பச்சைக் களிம்பு கட்டும். செம்மஞ்சள் துரு மட்டும் ஒருநாளும் பிடிக்காது. கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் இந்தக் கம்பி மேசையில் கிடந்தே துருப்பிடித்ததைக் காட்டினேன். அதோடு முகநூலில் என்னைத் தடுத்துவிட்டார் (block).

பார்சலைக் கையில் வாங்கிக் காசு கொடுக்கலாம் என்றாலும், காசு கொடுக்க முதல் கூரியர் தம்பி திறக்க விடமாட்டார். ஆகவே முதலில் கொஞ்சமாக எடுங்கள், பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977. விளம்பரப் படம், உரையாடல், காசு அனுப்பின சீட்டு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். நான் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இப்போது அதே படங்கள் வேறு பெயரில் இன்னொரு பக்கத்தில் போகின்றன. விரித்த துணி, சுருள்களை அடுக்கின விதம் எல்லாம் அச்சொட்டாக அதேதான். அப்படி ஒன்றைக் கண்டால், காசு அனுப்ப முதல் கம்பியில் காந்தம் வைத்து ஒரு காணொளி அனுப்பச் சொல்லுங்கள்.