அஞ்சடி டேங்குக்கு சிஓடூ: பாட்டிலா சிலிண்டரா, டிஃப்யூசரா ரியாக்டரா?

செடி வச்ச மீன் தொட்டில செடி வளர சிஓடூ (கார்பன் டைஆக்சைடு) கேஸ் விடுவோம், ரெண்டடி டேங்க்ல ஓடுனது அஞ்சடியிலயும் ஓடும்னு நெனச்சுதான் நானும் ஆரம்பிச்சேன், ஓடல. 5x2x2 அடின்னா கணக்குக்கு 566 லிட்டர், மண்ணு கல்லு கட்டை போக ஒரு 450 லிட்டர் தண்ணி நிக்கும். இதுக்கு "செகண்டுக்கு ஒரு பபிள் போதும்"ங்கறது யானைப் பசிக்கு சோளப்பொரி. பபிளை எண்ணவே முடியாது, கோடு மாதிரி போகும்.

முதல்ல கேஸ் எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம். என் டேங்க் நாளைக்கு 50 கிராம் கிட்ட குடிக்குது, 5 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய நூறு நாள் வர்றதை வச்சு சொல்றேன். இதை ஈஸ்ட் பாட்டில்ல எடுக்கணும்னா, சர்க்கரை முழுசா புளிச்சாலும் அதோட எடையில பாதிதான் கேஸா வரும், அப்ப தினம் 100 கிராம், மாசம் 3 கிலோ சர்க்கரை. மீன் பேர்லயும் ரேஷன் கார்டு வாங்கணும். சென்னை வெயில்ல வேற ஈஸ்ட் முதல் மூணு நாலு நாள் பொங்கி தள்ளிட்டு அப்பறம் படுத்துக்கும். செடிக்கு கேஸ் வேண்டாத ராத்திரில நிறுத்தவும் முடியாது, கரண்ட் போனா பில்டர் நிக்கும் ஆனா பாட்டில் நிக்காது, அதான் எனக்கு பிடிக்காத விஷயம்.

சிட்ரிக் ஆசிட் - சோடா உப்பு பாட்டில் எவ்வளவோ தேவலாம், பிரஷர் வரும், சொலினாய்ட் (கரண்ட்ல திறந்து மூடற வால்வு) போட்டு ராத்திரி மூடலாம். ஆனா 200 கிராம் ஆசிட் 200 கிராம் சோடா உப்பு கலந்தா கிடைக்கிறது 105 கிராம் கேஸ்தான், எனக்கு ரெண்டு நாள். ஒரு 5 கிலோ சிலிண்டருக்கு ஈடா 47, 48 தடவை கலக்கணும். ரெண்டடி டேங்குக்கு கண்ணை மூடிட்டு இதை வாங்குங்க, அஞ்சடிக்கு வேணாம். லிக்விட் கார்பன்னு விக்கிறாங்களே, அது குளூட்டரால்டிஹைடு, பாசியை அடக்கும், கேஸுக்கு பதில் ஆகாது, வாலிஸ்நேரியா செடி வச்சிருந்தா அது கரைஞ்சும் போகும்.

ஆக சிலிண்டர்தான். ஆனா காசை சிலிண்டர்ல கொட்டாதீங்க, சிலிண்டர் பிரஷரை குறைச்சு கேஸை விடற ரெகுலேட்டர்ல போடுங்க. உள்ள இருக்கறது திரவம், அது இருக்கற வரைக்கும் மீட்டர் முள்ளு பெருசா அசையாது, 25 டிகிரில 64 பார் கிட்ட நிக்கும், மே மாச ஹால் சூட்டுல இன்னும் ஏறும். திரவம் தீந்த அன்னைக்குதான் முள்ளு சரியும், அப்ப பிரஷரை ஒரே படியா குறைக்கற சிங்கிள் ஸ்டேஜ் ரெகுலேட்டர்னா வெளிய வர்ற பிரஷர் கூடிடும், கேஸ் ஒரேடியா டேங்குக்குள்ள கொட்டும். எனக்கு நடந்துச்சு. ஆபீஸ்லேர்ந்து வந்து பாக்கறேன், கார்டினல் டெட்ரா கூட்டம் பூரா மேல வாயை பொளந்துட்டு நிக்குது, பாதிதான் பொழச்சுது. அந்த மீன் காசுக்கே ரெண்டு படியா குறைக்கற ட்யூயல் ஸ்டேஜோட விலை வித்தியாசம் பாதி வந்திருக்கும். இப்ப மீட்டரை நம்பறதில்ல, சிலிண்டரை எடை மெஷின் மேலயே நிக்க வச்சிருக்கேன். இன்னொன்னு, இம்போர்ட் ரெகுலேட்டர் த்ரெட் நம்ம ஊர் சிலிண்டர்ல அப்படியே ஏறும்னு எதிர்பாக்காதீங்க, சென்னை கொளத்தூர் மீன் கடைங்க பக்கம் போறப்ப ரெகுலேட்டரை கையோட எடுத்துட்டு போய் மாட்டி பாத்து அடாப்டர் வாங்கிடுங்க.

இனிமேதான் பெரிய டேங்கோட நிஜமான சண்டை, கேஸை எப்படி கரைக்கிறது. சின்ன டேங்க்ல கேஸை பொடி பபிளா உடைக்கற கண்ணாடி டிஃப்யூசர் அழகு, பபிள் மேல போறதுக்குள்ள ஓரளவு கரைஞ்சிடும். அஞ்சடில நான் ஒரு மூலைல ரெண்டு டிஃப்யூசர் வச்சேன், அந்தப் பக்கம் ரோட்டாலா செடி முத்து முத்தா பபிள் விடுது, எதிர் மூலைல கட்டை பூரா கறுப்பு தாடிப் பாசி. ஒரே டேங்க், ரெண்டு ஊரு. கேஸ் பாதி மேல போய் வீணாவும் போச்சு.

அடுத்து டேங்குக்கு வெளிய நிக்கற கேனிஸ்டர் பில்டர் அவுட்லெட்ல மாட்டற இன்லைன் டிஃப்யூசர். டேங்க் பூரா பரவுது, மாட்டறதும் அஞ்சு நிமிஷம். ஆனா தண்ணி சோடா மாதிரி பொடி பபிளா மங்கலா தெரியும் (சிலருக்கு இது பிடிக்குது, எனக்கு அழுக்கு தண்ணி மாதிரி இருக்கு), ரெண்டு பார் கிட்ட பிரஷர் கேக்கும், செராமிக் அடைச்சுக்கிட்டா பிளீச்ல ஊற வைக்கணும்.

கேஸை டேங்குக்கு வெளியவே தண்ணில கரைக்கற டப்பா, அதாவது ரியாக்டர்தான் என் ஓட்டு. ஆர்ஓ ஸ்பேர் கடைல 20 இஞ்ச் பில்டர் ஹவுசிங் வாங்கி, உள்ள பில்டர் போடாம, அவுட்லெட்லேர்ந்து அடி வரைக்கும் ஒரு பைப் இறக்கிட்டா முடிஞ்சுது. கேஸ் மேல தேங்கும், தண்ணி அடிலேர்ந்துதான் வெளிய போகணும், அதனால கேஸ் கரையாம தப்பிக்கறது கஷ்டம். டேங்க்ல ஒரு பபிள் தெரியாது. குறை என்னன்னா பில்டர் வேகம் நல்லாவே குறையும், நான் தனியா ஒரு பம்ப் போட்டேன், அப்பறம் ரெண்டு ஜாயிண்ட் கூடுச்சுன்னா லீக் பயமும் கூடும். மூணடிக்கு மேலன்னா ரியாக்டர், அதுக்குக் கீழ இன்லைனே போதும்.

கேஸை ஆன் ஆஃப் பண்ண டைமரா, தண்ணியோட பிஎச் (அமில அளவு) பாத்து திறந்து மூடற கன்ட்ரோலரா? டைமர். லைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்ன ஆன், லைட் அணையறதுக்கு ஒரு மணி முன்ன ஆஃப். கன்ட்ரோலர் புரோப் காலிபரேஷன் விலகினா அதை நம்பி நீங்களும் விலகுவீங்க. டேங்க் தண்ணியை ஒரு டம்ளர்ல ஒரு நாள் வச்சு பிஎச் அளங்க, 7.6ன்னா டேங்க்ல 6.6 வர்ற வரைக்கும் கேஸை ஏத்துங்க, லிட்டருக்கு 30 மில்லிகிராம் கேஸ் (30 பிபிஎம்) பக்கம் வந்துடுவீங்க, போர் தண்ணி கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) எவ்வளவா இருந்தாலும் பரவால்ல. கேஸ் அளவை நிறத்துல காட்டற டிராப் செக்கரும் இருக்கட்டும், ஆனா அது பச்சையாகறதுக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரம் லேட், அதை பாத்துட்டே வால்வை திருகாதீங்க.

சிலிண்டரை ஏசி பெட்ரூம்ல வைக்காதீங்க. 5 கிலோ மொத்தமும் லீக் ஆனா 2,700 லிட்டர் கேஸ், 10x12 ரூம் பத்தடி உசரம்னா காத்துல 8 சதவீதம் வந்துடும், தூங்கற ஆளுக்கு அது வெளையாட்டு இல்ல. ஜாயிண்ட் எல்லாம் சோப்பு தண்ணி தடவி பாருங்க, சிலிகான் டியூப் வேணாம், கேஸ் அது வழியா கசியும், பாலியூரித்தேன் டியூப் போடுங்க. முதல் தடவை திறக்கறது ஞாயித்துக்கிழமையா இருக்கட்டும், டேங்க் முன்னாடி சேர் போட்டு உக்காந்து, கால் சுத்து கூட இல்லாம கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க, மீன் மேல வந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சா உடனே மூடிட்டு ஏர் பம்ப் போட்டுடுங்க.