ஆத்தங்குடிக் கல் டிசைனை இங்க்ஸ்கேப்பில் வரைந்து ஆட்டோகேடுக்கு அனுப்பலாமா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் வேலை எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டுப் பகுதியில்) நாலைந்து ஆத்தங்குடிக் கல், அதாவது வண்ணச் சிமெண்டில் கையால் செய்த தரைக் கல், உடைந்திருக்கும், அந்தப் பூ டிசைனுக்கு இப்போது அச்சு கிடைக்காது, புதிதாக வரைந்துதான் கொடுக்க வேண்டும், ஆர்க்கிடெக்ட்டோ தரை பிளான் முழுவதையும் ஆட்டோகேடு என்ற பிளான் வரையும் மென்பொருளில் வைத்துக்கொண்டு "டிஎக்ஸ்எஃப் அனுப்புங்க" என்பார், அதாவது அதில் திறக்கக்கூடிய வரைபடக் கோப்பு. காசில்லாமல் கிடைக்கிறதே என்று நான் இதற்கு இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளைத்தான் வைத்திருக்கிறேன். வரைய அருமை. கால் பாகம் இதழை வரைந்து புரட்டிப் புரட்டி ஒட்டினால் முழுக் கல்லும் வந்துவிடும்.

சேமிக்கும்போது ஆர்12, ஆர்14 என்று இரண்டு டிஎக்ஸ்எஃப் வகை காட்டும், இதில்தான் பாதி விஷயமே இருக்கிறது. ஆர்12இல் ஸ்ப்ளைன் (வளைவை வளைவாகவே பதியும் கோடு) என்ற சமாச்சாரமே கிடையாது, உங்கள் வளைவெல்லாம் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைந்து போகும். பழைய வெட்டு மெஷின்களுக்கு அது போதும். ஆட்டோகேடில் திறந்து திருத்தப் போகிறவருக்கு ஆர்14 கொடுங்கள், வளைவு வளைவாகவே போகும். அதில் அடிப்படை அலகு கேட்கும், கண்டிப்பாக மில்லிமீட்டர் வையுங்கள். எட்டு அங்குலக் கல் 203.2 என்று போக வேண்டும், வெறும் 8 என்று போனால் எதிராளி அதை 8 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்வார், பிளானில் கல் இருக்கிற இடமே தெரியாது. அனுப்புவதற்கு முன் லிப்ரேகேடு என்ற இன்னொரு பிளான் மென்பொருளில் திறந்து ஒரு ஓரத்தை அளந்து பாருங்கள், அதுவும் இலவசம்தான்.

நிரப்பிய வண்ணம், கோட்டுத் தடிமன் எதுவும் போகாது. கல் வேலைக்கு இது குறையே இல்லை, அச்சுக்குக் கோடு மட்டும் போதும், வண்ணச் சிமெண்டைக் கண்ணாடி மேல் கையால்தானே ஊற்றுகிறார்கள்! எழுத்து விஷயம் அப்படியல்ல. தமிழில் 'முகப்பு', 'பட்டாலை' என்று வீட்டுப் பகுதிகளின் பெயர் போட்டிருந்தால், எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றாமல் அனுப்பினால் அது போய்ச் சேராது, மாற்றினாலோ அப்புறம் எழுத்தைத் திருத்த முடியாது. ஆர்க்கிடெக்ட்டையே ஆட்டோகேடில் யூனிகோடு எழுத்துருவில் அடிக்கச் சொல்லுங்கள். ஆட்டோகேடின் பழைய கோட்டு எழுத்துருவான எஸ்எச்எக்ஸ் என்றால் கேள்விக்குறிதான் வரிசையாக நிற்கும்.

ஆட்டோகேடிலிருந்து இங்க்ஸ்கேப்புக்குத் திரும்பி வரும் வழி அவ்வளவு சுகமில்லை. இறக்குமதியில் ஏ4 தாளுக்குள் அடக்குவது என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தொட்டால் வளவு முழுவதும் தாளுக்குள் சுருங்கி உட்கார்ந்துவிடும், அளவு போச்சு. ஆட்டோகேடின் சொந்த வகையான டிடபிள்யூஜி கோப்பை இங்க்ஸ்கேப் நேராகத் திறக்காது, ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டரில் டிஎக்ஸ்எஃபாக மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கும் செலவில்லை.

என் மார்க்: அனுப்புவதற்கு ஐந்துக்கு நாலு, வாங்குவதற்கு இரண்டு. இரண்டு பக்கமும் கோப்பு போய்வந்து கொண்டே இருக்கிற வேலை என்றால் முதலிலிருந்தே லிப்ரேகேடில் வரைந்துவிடுங்கள். பூ இதழ் வரைய அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பரவாயில்லை.