கான்செப்ட்2 ரோஎர்க்: பிசகைக் கோடு போட்டுக் காட்டும் திரை

2021 வரை மாடல் டி என்ற பெயரில் விற்ற அதே ரோயிங் மெஷின்தான் இது. உழைப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் வாங்கியவர்களில் பலர் தொட்டே பார்க்காத ஒன்று இதில் இருக்கிறது: பிஎம்5 திரையில் ஒவ்வொரு இழுப்புக்கும் வரையப்படும் விசைக் கோடு. இந்த விலைக்கு அதுதான் நியாயம் சொல்கிறது.

முதலில் டேம்பர். 1 முதல் 10 வரை எண் போட்ட அந்த நெம்புகோலை 10-ல் வைத்தால்தான் நல்ல பயிற்சி என்று நினைப்பவர்கள் ஏராளம். அது காற்று உள்ளே போகும் அளவை மாற்றுகிறது, அவ்வளவுதான். சைக்கிள் கியர் மாதிரி. 10-ல் சக்கரம் சீக்கிரம் வேகம் குறைவதால் ஒவ்வொரு இழுப்பின் தொடக்கமும் கனத்து, கீழ்முதுகில் விழுகிறது. 3 முதல் 5 போதும். அதைவிட, திரையின் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ பட்டியலுக்குள் போய் டிராக் ஃபேக்டரை, அதாவது சக்கரத்துக்குக் காற்று தரும் எதிர்ப்பைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். நான்கைந்து முறை இழுத்தால் எண் வரும். 110–130 பெரும்பாலோருக்குச் சரி. சக்கரக் கூண்டின் வலையில் தூசி அடைத்திருந்தால் அதே 5-லும் எண் இறங்கிவிடும். பக்கத்து ஜிம்மின் 5 உங்கள் 5 அல்ல.

இனி கோடு. சரியான இழுப்பு ஒற்றை மேடாக விறுவிறுவென்று ஏறி, வழவழப்பாக இறங்கும். நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு திமில் தெரிந்தால், சீட் முந்திக்கொள்கிறது: கால் நீள்கிறது, கைப்பிடி அதே வேகத்தில் வரவில்லை. காலின் பலம் சங்கிலிக்குப் போகாமல் இடுப்பிலேயே தளர்ந்துபோகிறது. பிறகு முதுகைத் தனியாக வெட்டி இழுத்து ஈடுகட்டுகிறோம். அதுதான் இரண்டாவது திமில். தீர்வு இதுதான்: உடலை முன்சாய்த்தபடியே, கையை நீட்டியபடியே, காலால் மட்டும் 10 இழுப்பு. சீட் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறதோ அத்தனையே கைப்பிடியும் நகர வேண்டும். அடுத்த 10-ல் முதுகைச் சேருங்கள், அதற்கடுத்த 10-ல் கையை. ஆரம்பத்திலேயே முழங்கையை மடக்கும் பழக்கமும் இதே பயிற்சியில் அடங்கிவிடும்.

திரை காட்டாத பிசகு ஒன்று உண்டு. அதற்குச் சங்கிலியைப் பாருங்கள். திரும்பும்போது கைப்பிடி முழங்காலைத் தாண்டுவதற்காக மேலே எழும்பினால், முழங்கால் முன்னதாகவே மடங்குகிறது என்று அர்த்தம். கை நீண்டு, உடல் முன்சாய்ந்து, கைப்பிடி முழங்காலைக் கடந்த பிறகுதான் கால் மடங்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு நொடி நின்று பழகினால் இரண்டே வாரத்தில் சங்கிலி நேர்கோட்டில் ஓடும்.

அவசரம் இன்னொரு கோளாறு. நிமிடத்துக்கு 28 இழுப்பில் வரும் 500 மீட்டர் நேரம், 20-க்கு இறக்கியதும் ஒரேயடியாகக் கூடிவிட்டால், வேகம் எண்ணிக்கையால் வந்தது, தள்ளலால் அல்ல. இழுக்க ஒரு பங்கு நேரம் என்றால் திரும்ப இரண்டு பங்கு.

கால்பட்டையைப் பாதத்தின் மிக அகலமான இடத்தின் மேல் போடுங்கள். முடிவில் பட்டையில் தொங்கித்தான் நிமிர்கிறீர்களா என்று சந்தேகமா? பட்டையைக் கழற்றிவிட்டு இழுங்கள்; அளவுக்கு மீறிச் சாய்ந்தால் பாதம் உடனே தட்டை விட்டுக் கிளம்பும்.

குறைகள்: அடுத்த இழுப்பு வந்ததும் திரையில் பழைய கோடு அழிந்துவிடுகிறது. டிராக் ஃபேக்டரைப் பட்டியலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். காற்றாடி இரைச்சல் அதிகாலையில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். சீட் உயரம் சுமார் 36 செ.மீ. தான், முழங்கால் வலி உள்ளவர்கள் 51 செ.மீ. உயரமான வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

சங்கிலிக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய். சீட் தடதடத்தால் உங்கள் முறையைச் சந்தேகிக்கும் முன் தண்டவாளத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் கரி மாதிரி அழுக்கு வரும்.