ரேவன் பிளாக்வுட் செத்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை

ஆங்கிலப் பெயர் தரும் அந்தக் கட்டணச் செயலி பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று நண்பன் கேட்கிறான். டார்கெஸ்ட் டன்ஜன் என்ற திகில் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆட ஆரம்பித்து அவனுக்கு ஒரு வாரம் ஆகிறது. குதிரை வண்டியில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் அதில் நாமே பெயர் மாற்றி வைக்கலாம். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் அதற்காகத்தான் இந்தச் செயலியை வாங்கினேன். அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்பதைக் கடைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அதை அல்ல.

'கோதிக் திகில்' என்ற பிரிவைத் தொட்டதும் ரேவன் பிளாக்வுட் என்று ஒரு பெயர் வரும். அடுத்தது ரேவன்னா தார்ன். அதற்கடுத்தது டேமியன் நைட்ஷேட். அண்டங்காக்கை, கறுப்பு, முள், விஷச்செடி, மறுபடியும் அண்டங்காக்கை. நான்கு வருடத்தில் எத்தனையோ முறை புதுப்பித்தார்கள், இது மட்டும் மாறவே இல்லை. பிளாக்வுட் உண்மையில் இருக்கிற குடும்பப் பெயர்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்தில் வரும் தொழுநோயாளிக்கும் கன்னித் துறவிக்கும் நாய் வளர்ப்பவனுக்கும் ஒரே மூட்டையிலிருந்து பெயரை அள்ளிப் போட்டால் எப்படி?

இருட்டான பெயர் வைத்தால் பயம் கூடும் என்று இதைச் செய்தவர்கள் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. 2010-இல் வந்த அம்னீசியா என்ற விளையாட்டில் 1839-ஆம் வருடம் ஒரு கோட்டைக்குள் கண் விழிப்பவனின் பெயர் வெறும் டேனியல். அந்தப் பெயரும் தன் வீடு லண்டன் மேஃபேரில் இருப்பதும் தவிர அவனுக்குப் பெரிதாக எதுவும் ஞாபகமில்லை. பிளட்போர்ன் என்ற இன்னொரு விளையாட்டில் ஜன்னலுக்குப் பின்னால் இருமிக்கொண்டே நமக்கு வழி சொல்கிறவன் கில்பர்ட். பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருக்கக்கூடிய பெயர். அவன் மிருகமாக மாறிய பிறகு அந்தத் தெருவில் நடக்கவே எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு நைட்ஷேட் என்று பெயர் வைத்திருந்தால் முதல் நிமிடமே தெரிந்துபோயிருக்கும்.

பெயரில் சாவு இருக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. மார்டிமர் என்ற பெயர் நார்மண்டியில் உள்ள மார்ட்மேர் என்ற ஊரிலிருந்து வந்தது. 'செத்த நீர்' என்று பொருள். இங்கிலாந்தில் பெரிய பிரபு குடும்பமே அந்தப் பெயரில் இருந்திருக்கிறது. அங்கே டெவன் பக்கம் காஃபின் (சவப்பெட்டி) என்றே குடும்பப் பெயர் உண்டு. மார்டிமர் என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் பொருளை யோசிப்பதில்லை, ஆனால் அது உள்ளேயே கிடக்கிறது.

இந்த வித்தை டார்கெஸ்ட் டன்ஜனைச் செய்தவர்களுக்குக் கைவந்திருக்கிறது. நமக்கு முதலில் கிடைக்கும் இருவரில் வழிப்பறிக்காரன் பெயர் டிஸ்மஸ். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, கடைசியில் மனம் திரும்பிய கள்வனுக்கு மரபு கொடுத்த பெயர் அது. கூட வரும் சிலுவைப் போர்வீரன் ரெனால்டுக்குத்தான் கை அரிக்கும், பெட்டியைத் திறந்தால் பொருளை அவனே அமுக்கிக்கொள்வான். 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கல்லறைக் கொள்ளைக்காரியின் பெயர் ஆட்ரி, வாழ்ந்து கெட்ட சீமாட்டி. ஏழாம் நூற்றாண்டில் ஈலி மடத்தை நிறுவிய புனிதையின் பெயர்தான் பின்னாளில் ஆட்ரி என்று திரிந்தது. கழுத்தில் கட்டி வந்து இறந்தவர் அவர். இளமையில் அணிந்த நகைகளுக்கான தண்டனை என்று அதை ஏற்றுக்கொண்டாராம். அவர் பெயரில் நடந்த சந்தையில் விற்ற கழுத்துப் பட்டியிலிருந்துதான் மலிவான பகட்டைக் குறிக்கும் 'டாட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லே பிறந்தது. பிணத்தின் கழுத்திலிருந்து நகை கழற்றுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, செயலியைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். அமைப்புகளுக்குள் மூன்று அடுக்கு கீழே, மாவட்டவாரியாகப் பெயர் தேடும் வசதி ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் கழித்துத் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. கார்ன்வால் என்று கொடுத்தால் ட்ரெவேனியன், போல்வீல், பென்ரோஸ் என்று வரும். அந்தப் பகுதியின் பழைய மொழியில் ட்ரே என்றால் குடியிருப்பு, போல் என்றால் குளம், பென் என்றால் தலை அல்லது முனை. கடலோரக் குகைக்குள் அனுப்பும் ஆட்களுக்கெல்லாம் இப்போது அங்கிருந்துதான் பெயர் எடுக்கிறேன். வடக்குப் பக்கம் போனால் பிரெய்த்வெயிட் மாதிரி வைக்கிங் வாடை அடிக்கும் பெயர்கள் கிடைக்கும். அகன்ற வெட்டவெளி என்று பொருள். இந்த ஒரு வசதிக்காக முழு விலையும் கொடுக்கலாம். மனதாரச் சொல்கிறேன்.

ஹன்னா பிரெய்த்வெயிட்டும் அங்கிருந்து வந்தவள்தான். ஹன்னா என்பது, சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்துப் புராட்டஸ்டன்டுகள் பழைய ஏற்பாட்டிலிருந்து ஆசையாக எடுத்துக்கொண்ட பெயர்களில் ஒன்று. என் வெஸ்டலுக்கு, அதாவது அந்தக் கன்னித் துறவிக்கு, அதை வைத்தேன். ஐந்தாம் நிலை வரை வளர்ந்தாள். போன வாரம் காட்டில் சூனியக் கிழவி அவளைத் தூக்கிக் கொப்பரையில் போட்டாள். வெளியே எடுத்தபோது சாவின் வாசலில் நின்றாள். அடுத்த அடியில் போய்விட்டாள். இந்த ஆட்டத்தில் பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் போய் நின்றேன்.

இதே கொப்பரையில், இதே மாதிரி, மூன்று வருடத்துக்கு முன்னால் ரேவன் பிளாக்வுட் செத்தாள். அன்று அடுத்த ஆளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நேற்று ஹன்னாவின் இடத்துக்குப் பெயர் தேடச் செயலியைத் திறந்தேன். போன மாதப் புதுப்பிப்பில் மாவட்டத் தேடலையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். அது இருந்த இடத்தில் 'இன்னும் இருண்ட பெயர்கள்' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். ரேவன் என்று வந்தது.

அதனால் பாதி விலைக்கும் வேண்டாம், கால் விலைக்கும் வேண்டாம். ஒரு இங்கிலாந்து வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சின்னச் சின்ன ஊர்ப் பெயர்களாகப் பார், குடும்பப் பெயர்கள் நிறைய அங்கிருந்துதான் வந்தன. முன்பெயருக்குப் பழைய ஏற்பாடு போதும். உன் முதல் வெஸ்டலுக்கு ரூத் என்று வை, எஸ்தர் என்று வை. ஹன்னா மட்டும் வேண்டாம்.