புரோநோட்டா, செக்கா, வாட்ஸ்அப்பா: கைமாத்து கேஸ்ல எது நிக்கும்?

வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டுல கடைக்கு சரக்கு எடுக்கறதா இருக்கட்டும், காசிமேட்டுல போட் இன்ஜின் ரிப்பேரா இருக்கட்டும், பாதி காசு கைமாத்துலதான் ஓடுது. குடுக்கும்போது யாரும் பேப்பர் கேக்க மாட்டாங்க. வரலன்னாதான் தம்புச்செட்டி தெருவுல வக்கீல் ஆபீஸ் படி ஏறி போன நீட்டுறது, "தரேன்னு அவனே மெசேஜ் போட்டிருக்கான் பாருங்க சார், இது போதாதா?"ன்னு. நான் அங்க ஒரு ஆபீஸ்ல குமாஸ்தா, வக்கீல் இல்ல, ஆனா கேஸ் கட்டு தயார் பண்றது நம்ம வேலைதான், அதனால எந்த பேப்பர் கோர்ட்டுல எப்படி அடி வாங்குதுன்னு தெரியும்.

முதல்ல ஒண்ணு. கடன் குடுத்தேன்னு சொல்றவன்தான் அத நிரூபிக்கணும், இதான் பொது ரூல். இந்த சுமைய எது எதிராளி தலைக்கு மாத்துதோ அதுதான் நல்ல சாட்சியம். இத வச்சுத்தான் மூணையும் பாக்கணும்.

செக்குதான் இதுல ராஜா. 1881ல வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதுல 118, 139ன்னு ரெண்டு பிரிவு. கையெழுத்து என்னுதுதான்னு அவன் ஒத்துக்கிட்டா போதும், கடனுக்குத்தான் செக் குடுத்தான்னு கோர்ட்டே எடுத்துக்கும், இல்லன்னு காட்ட வேண்டியது அவன் பாடு. 2010ல ரங்கப்பா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத தெளிவாவே சொல்லிடுச்சு. நம்ம பக்கம் எல்லாரும் சொல்ற கத ஒண்ணுதான், "சீட்டுக்கு செக்யூரிட்டியா வெத்து செக்குல கையெழுத்து போட்டு குடுத்தேன், அவரு இஷ்டத்துக்கு ரொப்பிட்டாரு". இது மட்டும் சொன்னா எடுபடாது, 2019 பீர் சிங் தீர்ப்புல வெத்து செக்குக்கும் அந்த அனுமானம் உண்டுன்னு வந்துடுச்சு. ஆனா அதே 2019லயே பசலிங்கப்பா கேஸ்னு இன்னொண்ணு, 6 லட்ச ரூபா செக், அவ்ளோ பணம் குடுக்கற வசதி உனக்கு அப்போ இருந்துச்சான்னு கேட்டதுக்கு குடுத்தவரால ஒழுங்கா காட்ட முடியல, எதிராளி விடுதலை. அதனால கிராஸ்ல, அதாவது குறுக்கு விசாரணைல, மொத கேள்வியே இப்படித்தான் வரும்: பணத்த எந்த பேங்க்ல எடுத்தீங்க, எந்த தேதி, ஐடி ரிட்டன்ல காட்டுனீங்களா? வட்டிக்கு விடறதே தொழிலா வச்சிருக்கறவரு லைசென்ஸ் இல்லாம இந்த கேள்விக்கு முழிக்கறத பாக்கணுமே.

செக்குல இன்னொரு தலைவலி தேதி. எழுதுன தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள போடணும், திரும்பி வந்த தகவல் பேங்க்ல இருந்து கிடைச்ச 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது அவனுக்கு போய் சேந்து 15 நாள் டைம், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கம்ப்ளெயின்ட். கடைசில சொன்னதுல லேட்டானா காரணம் சொல்லி கோர்ட்ட கேக்கலாம், நோட்டீஸ்ல கோட்டை விட்டா 138, அதாவது செக் திரும்புனதுக்கு கேஸ் போடற பிரிவு, அவ்ளோதான், சிவில் சூட்டுக்குத்தான் போகணும். ஜெயிச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல செக் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் ஃபைன், இந்த பயத்துலயே பாதி பேரு நடுவுல செட்டில் பண்ண வந்துடுவான். அதான் வியாபாரிங்க செக் செக்னு அலையறாங்க.

புரோநோட்டு பழைய ஆளு, மெதுவா நடக்கும். இங்கயும் அதே 118 உண்டு, ஆனா கையெழுத்தே என்னுது இல்லன்னு அவன் சொல்லிட்டா அத நிரூபிக்கறது உங்க வேலை ஆயிடும். செக்குல பேங்க்ல மாதிரி கையெழுத்து இருக்கு, நோட்டுல அது கிடையாது. சாட்சி கையெழுத்து இல்லன்னாலும் சட்டப்படி நோட்டு செல்லும், ஆனா அப்போ கூட இருந்த ஒரு ஆளு கூண்டுல ஏறி "என் கண்ணு முன்னாடி போட்டாரு"ன்னு சொன்னா கைரேகை, கையெழுத்து எக்ஸ்பர்ட்டு செலவு மிச்சம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாம எழுதிட்டு வர்றவங்கதான் பாவம். மத்த பத்திரத்துல ஸ்டாம்ப் குறைஞ்சா அபராதம் கட்டி சரி பண்ணலாம், புரோநோட்டுக்கு அந்த சலுகையே கிடையாது, சாட்சியமாவே எடுக்க மாட்டாங்க.

நோட்டோட ஆயுசு 3 வருஷம், எழுதுன தேதியில இருந்து. இங்கதான் பின்பக்கம் முக்கியம். நடுவுல அவன் ஆயிரம் ரூபா குடுத்தாகூட நோட்ட திருப்பி "இன்ன தேதியில அசல்ல வரவு ரூ. 1,000"ன்னு எழுதி அவன் கையெழுத்து வாங்கிட்டா அந்த நாள்ல இருந்து புதுசா 3 வருஷம் ஓடும். கடன் குடுத்தவரே தன் கையால வரவு எழுதி, அவன் கையெழுத்து இல்லாம கொண்டு வந்தா அது செல்லாது. வட்டி எழுதாம விட்டா பயப்பட வேணாம், சட்டமே வருஷத்துக்கு 18% போடுது. செலவுதான் கொஞ்சம், சிவில் சூட்டுக்கு நம்ம மாநிலத்துல கோர்ட் ஃபீஸ் 3%, 5 லட்சத்துக்கு 15,000 முன்னாடியே கட்டணும். செக் கேஸ்ல அந்த மாதிரி கிடையாது.

வாட்ஸ்அப். இது செல்லாதுன்னு சொல்றவங்களும் தப்பு, இதுவே போதும்னு சொல்றவங்களும் தப்பு. 2024 ஜூலை 1ல இருந்து 1872 சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துடுச்சு, எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கான பழைய 65பி பிரிவு இப்போ 63, ஹைகோர்ட் வராண்டாவுல இன்னும் எல்லாரும் 65பின்னுதான் சொல்லுவாங்க. அந்த பிரிவு கேக்கற சர்டிபிகேட் இல்லாம பிரிண்ட் அவுட் சாட்சியமா ஏறாதுன்னு 2020லயே அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்புல முடிஞ்சு போச்சு. ஒரிஜினல் போனையே கொண்டு வந்து கூண்டுல நின்னு காட்டுனா சர்டிபிகேட் வேணாம், ஆனா கேஸ் முடியற வரைக்கும் போன யாரு கோர்ட்டுல விட்டுட்டு இருப்பா? புது சட்டத்துல அந்த சர்டிபிகேட்டுக்கு ரெண்டு பாகம், ஒண்ணு நீங்க, ஒண்ணு எக்ஸ்பர்ட்டு. போன் கம்பெனி, மாடல், கலர், ஐஎம்இஐ நம்பர், ஃபைலோட ஹேஷ் வேல்யூ (ஃபைல யாரும் மாத்தலன்னு காட்டற ஒரு கோடு), எல்லாம் எழுதணும். வந்து கேட்டா "ஸ்கிரீன்ஷாட் இருக்கு சார், அந்த போன எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன்"னு சொல்லுவாங்க. அப்போ என்னத்த எழுதறது?

எல்லாம் ஏறிட்டாலும் சாட் சுமைய மாத்தாது, 118, 139 மாதிரி அனுமானம் எதுவும் இதுக்கு இல்ல. அதோட பலம் வேற. பணமே வாங்கலன்னு சாதிக்கறவன் "அண்ணே தீபாவளி கழிச்சு 50 தரேன்"னு போட்ட மெசேஜ் கிராஸ்ல அவன் கையிலேயே குடுக்கப்படும்போது அதுக்கப்புறம் வேற கத சொல்ல வராது.

ஜிபேல அனுப்புனேன்னு சொல்றவங்களுக்கு: ஸ்கிரீன்ஷாட்ட விட்டுட்டு பேங்க் ஸ்டேட்மென்ட்ட சர்டிஃபை பண்ணி வாங்குங்க, பேங்க் கணக்குக்குன்னே 1891 சட்டம் ஒண்ணு இருக்கு, நல்லா நிக்கும். ஆனா பணம் போச்சுன்னுதான் அது சொல்லும், கடனா போச்சுன்னு சொல்லாது. "பழைய பாக்கிய திருப்பி குடுத்தாரு"ன்னு அவன் சொன்னா ஸ்டேட்மென்ட் மட்டும் வச்சு என்ன பண்றது.

என்னைக் கேட்டா பணத்த அக்கவுன்ட்ல அனுப்பி, அன்னைக்கே ஸ்டாம்ப் ஒட்டி நோட்டு எழுதிக்கறதுதான். வசதி இருந்துச்சா, பணம் போச்சா, எதுக்கு போச்சு, மூணு கேள்வியும் அங்கயே முடியுது. செக்க அதோட கூட வாங்குங்க, தனியா நம்பாதீங்க. கடன் வாங்கறவங்களுக்கு கணக்கு தலைகீழ், வெத்து நோட்டுல கையெழுத்து போடவே போடாதீங்க, அடைச்ச அன்னைக்கு நோட்டையும் செக்கையும் கையில வாங்கிட்டு கிளம்புங்க, அவரு "வீட்ல தேடி நாளைக்கு குடுக்கறேன்"னா அங்கயே ஒரு ரசீது எழுதி கையெழுத்து வாங்கிடுங்க.