கல்லீரல் காப்ஸ்யூல்: ரெண்டு டப்பா வாங்கியவனின் வாக்குமூலம்

வயது 47, எடை 88 கிலோ. முத்தியால்பேட்டையில் எலக்ட்ரிக்கல் கடை, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் நடுத்தர அளவுக்குக் கொழுப்பு, என்று வந்ததும் வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் குடிப்பதில்லை. புதுச்சேரிக்காரன் இதைச் சொன்னால் எவன் நம்புவான்? தொப்பையே போதும், இது வர.

மச்சான் பேச்சைக் கேட்டு ஆன்லைனில் வாங்கியதுதான் இந்தக் காப்ஸ்யூல். 60 எண்ணம் 890 ரூபாய், ரெண்டு டப்பா எடுத்தால் 1,500. ரெண்டு எடுத்தேன். டப்பா நிறைய பச்சை இலைப் படம், 'நூறு சதவீதம் இயற்கை'. உள்ளே கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மில்க் திஸில் என்கிற வெளிநாட்டு முள்செடி, பச்சைத் தேயிலைச் சாறு. எதில் எத்தனை மில்லிகிராம் என்று கிடையாது. எல்லாம் சேர்த்து 500 என்று ஒரே வரி. போன் போட்டுக் கேட்டால், "இயற்கைதானே சார், பயப்படாதீங்க" என்கிறார்கள். ஒயர் விற்கும் நானே அளவு சொல்லாமல் விற்க முடியாது.

ஒரு மாதம், காலை ஒன்று இரவு ஒன்று, தவறாமல் விழுங்கினேன். எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) 78 இருந்தது 76 ஆனது. கசப்பு ஏப்பம் மட்டும் இலவசம்.

டப்பாவை டாக்டரிடம் காட்டினேன். பச்சைத் தேயிலையில் விரலை வைத்தார். டம்ளரில் குடிக்கிற டீ வேறு, செறிவாக்கி அடைத்த சாறு வேறு. அது கல்லீரலையே புண்ணாக்கிய கேஸ்கள் உண்டு என்றார். மில்க் திஸிலில் இருக்கும் சிலிமரின் சிலருக்கு என்சைமைக் கொஞ்சம் குறைக்கலாம், கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. "எங்கம்மா காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைச்சுக் கொடுப்பாங்களே சார்?" என்றேன். "உங்களுக்குக் காமாலை இல்லையே" என்றார். காப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாரம் 150 நிமிடம் வேகமான நடை, ஆறு கிலோ குறைக்க வேண்டும் என்றார். எடையில் 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் கல்லீரல் வீக்கமும் தணியுமாம்.

கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். டூப்ளே சிலைப் பக்கம் தொடங்கி மறுகோடி போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர். முதல் வாரம் காந்தி சிலையைத் தாண்டவே மூச்சு வாங்கியது. ராத்திரி பரோட்டாவையும் டீயில் சர்க்கரையையும் விட்டேன் (பரோட்டாதான் கஷ்டம்). ஒரு மாதம் எடை அசையவே இல்லை. எடை இறங்காவிட்டாலும் நடந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் மாத முடிவில் 82 கிலோ, எஸ்ஜிபிடி 43.

காப்ஸ்யூலுக்கு ஐந்துக்கு ஒன்று தரலாம், அதுவும் மூடி இறுக்கமாக இருப்பதற்கு. இன்னொரு டப்பா பிரிக்காமலே இருக்கிறது. திருப்பி எடுக்க மாட்டார்களாம். கடையில் ஃப்யூஸ் ஒயர் பக்கத்தில் கிடக்கிறது. மச்சான் கேட்டான், கொடுக்கவில்லை.